வாசலில் கழற்றியது

லூர்தம்மாளுக்குப் பயம் கூடப்பிறந்தது. அண்ணன் முனிரத்தினம் பிறந்த வீட்டோடு நின்றுவிட்டான், பயம் மட்டும் அவளோடு புருஷன் வீட்டுக்கும் வந்தது. வானம் இடித்தால் அரிவாளைத் தூக்கி வாசலில் போடுவாள். ஆந்தை கத்தினால் அடுப்பில் ஒரு பிடி உப்பைப் போட்டுப் படபடவென்று வெடிக்க விடுவாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? அவள் தெருவில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். மற்றவர்கள் ஒரு சாமிக்குப் பயந்தார்கள், இவள் இரண்டு பேருக்குப் பயந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பிள்ளைப்பாக்கத்துக்கும் ஒரகடத்துக்கும் நடுவில், இப்போது கம்பெனிச் சுவர் ஓடுகிற இடத்தில், அப்போது வேர்க்கடலைக் கொல்லையும் ஒரு சின்ன ஏரியும் இருந்தன. ஏரிக்கரைக்குக் கீழே இரண்டு தெரு. ஈச்சங்குப்பம் என்று பெயர். ஒன்று அம்மன் தெரு, இன்னொன்று வேதக்காரத் தெரு. நடுவில் ஒரு கிணறு. இரண்டு தெருவும் ஒரே சாதி, ஒரே கூலி, மாமன் மச்சான் உறவு. எப்போதோ ஒரு பஞ்சத்தில் அண்ணன்காரன் ஒருவன் பாதிரியாரிடம் கஞ்சி குடித்து வேதத்தில் சேர்ந்தான், தம்பி சேரவில்லை. அண்ணன் வம்சம் ஒரு தெருவாகவும் தம்பி வம்சம் ஒரு தெருவாகவும் ஆகிவிட்டது. கஞ்சி தீர்ந்து எத்தனையோ காலம் ஆயிற்று, கோடு மட்டும் அழியவில்லை.

அவள் பிறந்தது அம்மன் தெருவில், பொன்னியம்மன் கோயில் பூசாரிக்கு மகளாக. வைத்த பெயர் கிளியம்மாள். வேதக்காரத் தெருச் சின்னப்பராஜுக்கு அவளைக் கொடுத்தபோது, பாதிரிச் சாமியார் தலையில் தண்ணீர் ஊற்றி லூர்தம்மாள் என்று மாற்றினார். தண்ணீர் ஊற்றியது தலையில். பயம் இருந்தது வயிற்றில், அது நனையவே இல்லை.

வேலைக்குப் போகும் வழியில் பொன்னியம்மன் கோயிலைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே வந்ததும் தரையில் எதையோ தொலைத்தவள் போலத் தலையைக் குனிந்துகொள்வாள். "தப்பா நெனைக்காதே" என்று வாய்க்குள் சொல்வாள். நாலடி தள்ளிப் போனதும் கழுத்தில் கிடக்கும் உத்தரியத்தைத் தொட்டு மாதாவிடமும் அதையே சொல்வாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படியே இரண்டு பக்கமும் தாஜா பண்ணிக்கொண்டு காலத்தை ஓட்டினாள்.

உத்தரியம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு சின்னக் கம்பளித் துண்டு, மாதா படம் தைத்தது, இரண்டையும் இணைக்க ஒரு கயிறு. ஒன்று நெஞ்சில் கிடக்கும், ஒன்று முதுகில் கிடக்கும். போட்டுக்கொண்டு செத்தவர்களை மாதா நரகத்தில் வேக விடமாட்டாள் என்பது நம்பிக்கை. அறுபத்திரண்டாம் வருஷம் உத்தரிய மாதா திருநாளுக்குச் சாமியார் ஒரு கட்டு புது உத்தரியம் கொண்டுவந்தார். தெரு முழுக்க ஒரே கம்பளி, ஒரே கயிறு. மிச்சம் இருந்ததை உபதேசியார் தாமஸ் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

சாமியார் மாதத்தில் ஒரு ஞாயிறு சைக்கிளில் வருவார். மற்ற நாட்களில் அந்தத் தெருவுக்குச் சாமியார், வாத்தியார், போலீஸ் எல்லாம் தாமஸ்தான். குரல் நல்ல குரல். அந்தக் குரலில் பாவம் என்று சொன்னால் கேட்கிறவளுக்கு ஏதாவது ஒன்று ஞாபகம் வரும். லூர்தம்மாளுக்கு எல்லாமே ஞாபகம் வரும்.

ஆடி பிறந்ததும் அம்மை வந்தது. முதலில் அம்மன் தெருவில் பாண்டுரங்கன் மகனுக்கு. பிறகு அது தெருப் பார்க்கவில்லை, கிணற்றைத் தாண்டி இந்தப் பக்கமும் வந்தது. லூர்தம்மாளின் ஒரே மகள் அருள்மேரியைப் பாயில் போட்டது.

அம்மன் தெருவில் அம்மை என்றால் தாயார் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருப்பது. வாசலில் வேப்பிலை, தாளிப்பு இல்லை, பேச்சில் மரியாதை. வேதக்காரத் தெருவில் அது வியாதி. கொள்ளை நோய்க்குக் காவலான புனிதர் செபஸ்தியாருக்கு மெழுகுவத்தி, ஒன்பது நாள் செபம். தாமஸ் வாசலுக்கு வெளியே எட்டி நின்று செபம் சொன்னார். போகும்போது, "வேப்பல கட்டாதம்மா லூர்து. சாமியாருக்குத் தெரிஞ்சா பூசையில நன்மை அப்பம் கெடையாதுன்னுடுவாரு" என்றார்.

அவள் வாசலில் கட்டவில்லை. பாய்க்கு அடியில் பரப்பினாள். சின்னப்பராஜ் பார்த்தான், வெளியே தெரியாமல் பாயை இழுத்துவிட்டான். அவன் பக்தியுள்ள ஆள், ஆனால் அப்பனும்கூட. பிள்ளையின் கழுத்தெல்லாம் கொப்புளமாக இருந்ததால் அதன் உத்தரியத்தைக் கழற்றித் தலைமாட்டுச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டி வைத்திருந்தான்.

ஏழாம் நாள் பிள்ளையின் இமை இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. நல்ல வெயில் நேரம். கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்த லூர்தம்மாளிடம், "வெளக்கு ஏத்தும்மா, இருட்டா கீது" என்றாள் அருள்மேரி.

லூர்தம்மாள் வாசல் வெயிலைப் பார்த்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். எழுந்தாள். எங்கே போகிறோம் என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை, கேட்டிருந்தால் போயிருக்க மாட்டாள்.

உச்சி வேளையில் பொன்னியம்மன் கோயில் பக்கம் யாரும் போகமாட்டார்கள். தாயார் உலாவுகிற நேரம் அது. கோயில் என்றால் ஒரு சின்ன அறை, ஒரு கதவு, பூட்டுக் கிடையாது. நிலைப்படிக்குப் பக்கத்தில் விளக்கு வைக்க ஒரு மாடக்குழி. படியில் காலை வைத்தவளுக்குக் கழுத்தில் கயிறு உறுத்தியது. நெஞ்சில் மாதா இருக்கிறாள். மாதாவை மாட்டிக்கொண்டு இவளிடம் எப்படிப் போய் நிற்பது? இவளுக்கும் கோபம் வரும், அவளுக்கும் கோபம் வரும். ஐயோ, இப்போது வரக்கூடாத ஒன்று உண்டென்றால் அது கோபம்தான். செருப்புப் போட்டிருந்தால் வாசலில் கழற்றிவிட்டுத்தானே போவோம் என்று நினைத்தாள். உத்தரியத்தைத் தலைவழியே கழற்றி, கண்ணில் ஒற்றி, மாடக்குழியில் வைத்தாள்.

உள்ளே எண்ணெய்ப் பிசுக்கும் வாடின வேப்பிலை வாசனையும் அப்படியே இருந்தன. அப்பா மணியாட்டும்போது அவள் நின்ற மூலையும் அப்படியே இருந்தது. நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. தரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"நான்தான் கிளி. வந்துட்டேன். என் பொண்ணு கண்ணு ரெண்டையும் வுட்டுடு. வேற இன்னா வேணுமோ எடுத்துக்கோ."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. வேறு என்ன வேண்டுமோ என்றால்? உயிரும் அதில் சேர்ந்ததுதானே? "இல்ல இல்ல, அப்பிடி இல்ல" என்று திருத்த வாயெடுத்தாள். அதற்குள் வெளியே யாரோ செருமுகிற சத்தம். அவ்வளவுதான், சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சப்பாத்திக்கள்ளிப் புதர் வழியாக ஒரே ஓட்டம். முள் கிழித்ததுகூடத் தெரியாமல் வீட்டு அடுப்படியில் வந்து விழுந்தாள்.

மறுநாள் காலையில் அருள்மேரி வலது கண்ணைத் திறந்தாள். "அப்பா மீசை தெரிது" என்றாள். இடது கண்ணும் திறந்தது, ஆனால் அதில் வெள்ளையாகப் பூ விழுந்திருந்தது. லூர்தம்மாள் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதவள் வழக்கம்போல உத்தரியத்தைத் தொடக் கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனாள். கழுத்து வெறுமையாக இருந்தது.

அதே நேரம் அம்மன் தெருவில், அப்பாவுக்குப் பிறகு பூசாரியான அண்ணன் முனிரத்தினம் விளக்குப் போட வந்து மாடக்குழியில் கையை விட்டான். கயிறும் கம்பளியுமாக வந்ததைப் பாம்பைத் தொட்டவன் மாதிரி உதறினான். அன்று மதியம் பாண்டுரங்கன் மகன் செத்துப்போனான்.

இரண்டையும் முடிச்சுப் போட எவ்வளவு நேரம் ஆகும்? சாயங்காலம் அந்தத் தெருவில் சாமியாடுகிற கங்கம்மாள் மேல் அம்மன் வந்தாள். கூந்தலை விரித்துப்போட்டு, இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து நீட்டிக்கொண்டு, "கட்டிட்டாங்கடா! என்னக் கயித்தால கட்டிட்டாங்கடா! எழுந்து போவ முடியலடா!" என்று கத்தினாள். அம்மையாக வந்தவள் தானாக எழுந்து போக வேண்டும். போகாவிட்டால் வீட்டுக்கு வீடு உட்காருவாள். போக விடாமல் வேதக்காரர்கள் அவளைக் கயிறு வைத்துக் கட்டிவிட்டார்கள் என்று தெருவே நம்பியது. உத்தரியத்தை யாரும் தொடவில்லை. ஒரு குச்சியால் தூக்கிக் கோயில் வாசல் கல்மேல் போட்டு வைத்தார்கள்.

மறுநாள் கிணற்றின் இந்தப் பக்கம் முழுக்க வேலிகாத்தான் முள் வெட்டிப் போட்டிருந்தது. வேதக்காரத் தெருவில் யாருக்கும் தண்ணீர் இல்லை. ஏரியிலோ சேறுதான். பெண்கள் குடத்தோடு போய் முள்ளைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அம்மை இறங்கும்போது பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். லூர்தம்மாள் வீட்டில் தொண்டை நனைக்கக்கூட ஒரு செம்புதான் மிச்சம்.

தாமஸுக்கு யோசனை ஒன்று வந்தது. யாருடைய கழுத்தில் இல்லையோ அவர்தான் வைத்தவர், இல்லையா? வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதென்று கிளம்பினார். அவர் குரல் இரண்டு வீட்டுக்கு அப்பால் கேட்கும்போதே லூர்தம்மாள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எழுந்தாள். வீட்டுக்குள் ஓடினாள். சுவரில் ஆணியில் அருள்மேரியின் உத்தரியம் தொங்கியது. பிள்ளையின் தலைமாட்டிலிருந்து மாதாவை எடுப்பதா? எடுத்தாள். எடுத்த கை அவள் கை மாதிரியே இல்லை. கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து கயிற்றை இழுத்துக் காட்டினாள்.

"சர்தாம்மா" என்றார் தாமஸ். அம்மை வீட்டுக்குள் எட்டிப் பார்க்க அவர் என்ன பைத்தியமா? அப்படியே போய்விட்டார்.

சின்னப்பராஜ் தன்னுடையதைக் காட்டிவிட்டு உள்ளே வந்தான். வெற்று ஆணியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவன் மூலையில் போய் உட்கார்ந்து பீடியைப் பற்ற வைத்தான்.

அவள் ஒன்றை யோசிக்கவில்லை. பயந்தவர்களுக்குப் பக்கத்து அடிதான் தெரியும், அடுத்த அடி தெரியாது. தெருவில் எல்லாக் கழுத்திலும் உத்தரியம் இருக்கிறது என்றால், கோயிலில் கிடந்தது எங்கிருந்து வந்தது? மிச்ச உத்தரியம் இருந்தது ஒரே ஒரு பெட்டியில்தான். அந்தச் செய்தி அன்று பொழுது சாய்வதற்குள் கிணற்றைத் தாண்டியது. பிள்ளையைப் புதைத்த மண் கையில் காயாமல் பாண்டுரங்கன் வெட்டரிவாளோடு வந்து முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்றான். "தாமசே! கட்டின கைய எனக்குக் குடுத்துட்டுப் போ!" என்று கத்தினான். தாமஸ் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நடுங்கினார். அவர் மனைவி கிரேசி கைக்குழந்தையை மார்போடு அமுக்கிக்கொண்டு அழுதது தெரு முழுக்கக் கேட்டது.

அம்மன் தெரு நாட்டாமை தணிகாசலம் கிணற்றடியில் கூட்டம் போட்டார். முள்ளுக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் இவர்கள்.

"நான் வேணும்னா கற்பூரம் அடிக்கறேன்" என்றார் தாமஸ். எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து அம்மன்மேல் சத்தியம் செய்வது அங்கே கடைசித் தீர்ப்பு. அதற்குமேல் யாரும் பேசமாட்டார்கள்.

தணிகாசலம் சிரித்தார். "நீ அடிச்சா செல்லுமாய்யா? ஒனக்கு எங்க அம்மன்னா கல்லு. கல்லு மேல ஆணை வெக்கிறதுக்கு இன்னா பயம்? பயம் இல்லாதவன் சத்தியம் எதுக்காவும்?" கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. அவர் இந்தப் பக்கம் கண்ணை ஓட்டினார். "கிளி அடிக்கட்டும். நம்ம பழைய பூசாரி பெத்த பொண்ணு. ஒங்க தெருவுல எவனும் கோயிலுக்குள்ள கால் வெக்கலன்னு அவ அடிச்சா நாங்க நம்பறோம். முள்ள எடுத்துடறோம். அம்மா இப்ப அவ வூட்லயே உக்காந்துகினு கீறா. பொய் சொன்னா, எழுந்து போறப்ப வெறுங்கையோட போவமாட்டா."

வேதக்காரத் தெருவுக்கு உயிர் வந்தது. அவர்களுக்கு லூர்தம்மாளைப் பற்றி எந்தச் சந்தேகமும் இல்லை. இடிக்கே நடுங்குகிறவள் கோயிலுக்குள் போவாளா? பெண்கள் அவள் கையைப் பிடித்தார்கள். தாமஸ் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் பேசினார்.

"ஒன்னாலதாம்மா ஆவும். எங்க பேச்சு அங்க எடுபடாது, ஒன் பேச்சு எடுபடும். சாமியாராண்ட நான் சொல்லிக்கிறேன். நாலு பேரு நல்லதுக்கு செஞ்சா அது பாவத்துல சேராது."

"வேணாம் லூர்து" என்றான் சின்னப்பராஜ். "போவாத."

"ஏன்யா?" என்று கேட்டார் தாமஸ்.

சின்னப்பராஜால் ஏன் என்று சொல்ல முடியவில்லை. "வேணாம்னா வேணாம்" என்றான்.

"தண்ணி இல்லாம சாவணுமா? இல்ல, நான் வெட்டுப்பட்டு சாவணுமா?"

லூர்தம்மாள் பாவம், தலையை ஆட்டிவிட்டாள். அவளுக்கு யாராவது ஏதாவது கேட்டால் தலையை ஆட்டித்தான் பழக்கம்.

மறுநாள் காலையில் கூட்டிப்போனார்கள். அவளுக்குக் கணக்கு இதுதான். சத்தியம் செய்தால் தாமஸ் பிழைப்பார், தெருவுக்குத் தண்ணீர் வரும், அவள் ரகசியம் அவளோடு இருக்கும். ஆனால் பொய்ச் சத்தியத்துக்கு அம்மன் கை வைக்கிற இடம் அவள் இல்லை, அருள்மேரி. மற்ற வேதக்காரர்களுக்கு அது கல், அடித்துவிட்டுப் போகலாம். அவளுக்கு அப்படி இல்லையே! சத்தியம் செய்யாவிட்டாலோ தாமஸ் கதி அதோகதி. உண்மையைச் சொன்னால் இரண்டு தெருவிலும் அவளுக்கு நிற்க இடம் இருக்காது. யாராவது வழியில் நிறுத்திவிட மாட்டார்களா என்று இருந்தது, யாரும் நிறுத்தவில்லை.

கோயில் வாசலில் உத்தரியம் அதே கல்மேல் கிடந்தது. முனிரத்தினம் செங்கல் ஒன்றை வைத்து, வெற்றிலை போட்டு, கட்டிக் கற்பூரத்தைக் கொளுத்தினான். அண்ணனும் தங்கையும் பேசி வருஷக்கணக்கு. அவன் முகத்தைப் பார்க்காமல், "சொல்லிட்டு அடி" என்றான்.

"சொல்லு" என்றார் தணிகாசலம். "எங்க தெருவு ஆளு யாரும் உள்ள போவல. போயிருந்தா, என் பொண்ணு கண்ணு..."

"வேணாம்!" என்று கத்தினாள் லூர்தம்மாள்.

அந்தச் சத்தம் அவளுக்கே புதிது. கற்பூரம் கரும்புகை கக்கிக்கொண்டு எரிந்தது. தூக்கிய கை தூக்கியபடி நின்றது.

"அவ கண்ண இதுல இழுக்காதீங்க. நான்தான் போனேன். அது என்னோடதுதான்."

பின்னால் வேதக்காரத் தெருப் பெண்கள் கூட்டத்தில் யாரோ "யேசுவே" என்றார்கள். பாண்டுரங்கன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். கையில் அரிவாள் இல்லை, அதைவிடப் பயமாக இருந்தது அவன் முகம்.

"ஒம் பொண்ணு பொழைக்க எம் புள்ளயக் கட்டிட்டியாடி?"

"கட்டலண்ணா. கட்டறதுக்கு வரல. கேக்க வந்தேன். எம் பொண்ணு பட்டப்பகல்ல வெளக்கு ஏத்தச் சொல்லிச்சு. மாதாவ மாட்டிகினு உள்ள வரக்கூடாதுன்னு வாசல்ல கழட்டி வெச்சேன். பயத்துல மறந்துட்டேன். அவ்ளோதான். இதுல ஒரு சொல்லு பொய்னா அம்மா என்ன எடுத்துக்கட்டும், என்ன மட்டும்."

சொல்லிவிட்டு யாரும் தடுப்பதற்குள் உள்ளங்கையை ஓங்கிக் கற்பூரத்தின் மேல் அடித்தாள். சுரீர் என்றது. அணைந்தது. கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். முனிரத்தினம்தான் குனிந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து எடுத்துவிட்டான். உள்ளங்கையில் வெற்றிலைத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

"கிளி, நீ வந்தேன்னா என்னக் கூப்டு இருக்கலாமே" என்றான்.

பாண்டுரங்கன் அப்படியே மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். கங்கம்மாள் வந்து லூர்தம்மாளின் நெற்றியில் விபூதியை அப்பினாள். "கட்டலடா, காணிக்கை வெச்சிகீறாடா! தாயி தன் பொண்ண இழுத்துகினா! நம்ம பொண்ணு நம்மளாண்டயே வந்துட்டா!" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். அம்மன் தெரு முழுக்கச் சந்தோஷம். முள்ளை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். ஆடிக் கடைசியில் கூழ் ஊற்றும்போது முதல் குடம் கிளியம்மாள்தான் தூக்க வேண்டும் என்றுகூடப் பேசினார்கள்.

லூர்தம்மாள் நெற்றி விபூதியோடு திரும்பிப் பார்த்தாள். வேதக்காரத் தெரு ஆட்கள் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒருவரும் அவளுக்காக நிற்கவில்லை. சின்னப்பராஜ் மட்டும் பாதி வழியில், திரும்பிப் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தான். அவள் கல்மேல் கிடந்த உத்தரியத்தை எடுத்தாள். வெந்த கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவன் பின்னால் போனாள்.

அந்த மாதம் சாமியார் வந்த ஞாயிறு. தாமஸ் அவரிடம் பேசினார். பேசுகிறேன் என்று சொன்னவர்தானே, பேசினார். ஆனால் தன் வாயால் அவளை அனுப்பியதைப் பேசவில்லை, அவள் உள்ளே போனதை மட்டும் பேசினார். பூசை முடிவில் சாமியார் கொடுத்த தண்டனையை அந்த நல்ல குரலிலேயே படித்தார்: லூர்தம்மாளுக்கு ஒரு வருஷத்துக்கு நன்மை கிடையாது, ஞாயிறு பூசைக்கு வாசல்படிக்கு வெளியே முழங்காலில் இருக்க வேண்டும். யாருக்காக அவள் கையை வேக வைத்தாளோ அந்த ஆள் படித்தார். மனுஷனுக்கு நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை, அதுதான் இந்தக் கதையைச் சொல்கிற எனக்கு ஆறாத கோபம். பயந்தவன் பிழைத்துக்கொண்டால் தன்னைக் காப்பாற்றியவளையே முதலில் மறப்பான் போலிருக்கிறது.

அவள் இருந்தாள். ஞாயிறுதோறும் வாசலுக்கு வெளியே, வெயிலில், முழங்காலில். கூழ் ஊற்ற அம்மன் தெருவிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டபோது போகவில்லை. அதனால் அங்கேயும் மனஸ்தாபம் வந்தது. "தாயி கூப்டும் வரல, திமிரு" என்றார்கள். கிணற்றில் இந்தத் தெருப் பெண்கள் அவள் குடம் பட்டால் தங்கள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். அந்தத் தெருப் பெண்கள் அவளைப் பார்த்தால் வாளியை வேகமாக இழுத்துக்கொண்டு போனார்கள். சின்னப்பராஜ் அவள் ஆக்கியதைச் சாப்பிட்டான், அவள் இறைத்ததைக் குடித்தான், பேசுவது மட்டும் குறைந்துவிட்டது. ஆணியில் அருள்மேரியின் உத்தரியத்தை அவனே திரும்ப மாட்டினான்.

அவளுக்குப் பெரிய பயம் இதுவெல்லாம் இல்லை. மகளின் முகம்தான். வலது கண் பளிச்சென்று இருக்கும், இடது கண்ணில் பூ. அதைப் பார்க்கும் போதெல்லாம் கணக்குப் போடுவாள். பார்வையைக் கொடுத்தது பொன்னியம்மன் என்றால், பறித்தது மாதாவா, கழுத்தில் இருந்து கழற்றிய கோபத்தில்? இல்லை, கொடுத்தது செபஸ்தியார், நடுவில் போய் நின்றதற்காக அம்மன் ஒன்றை எடுத்துக்கொண்டாளா? வேறு என்ன வேண்டுமோ எடுத்துக்கொள் என்று சொன்னாளே, அது இன்னும் பாக்கி நிற்கிறதா? யாரிடம் கேட்பது? கேட்கக்கூடிய இரண்டு இடத்திலும் அவளுக்கு வாசலோடு சரி. பிள்ளைக்கு லேசாக உடம்பு சுட்டால் போதும், வந்துவிட்டார்கள் என்று நினைப்பாள். யார் என்றுதான் தெரியாது.

அடுத்த சித்திரையில் மறுபடி அம்மை வந்தது. இந்தத் தடவை உபதேசியார் வீட்டில், கைக்குழந்தைக்கு.

தெருவே கூடித் திண்டாடியது. மெழுகுவத்தி எரிந்தது. தாமஸின் குரல் சாயங்காலச் செபத்தில் கேட்டது, ஆனால் பழைய குரல் இல்லை, இடையிடையே நின்றுவிட்டது. லூர்தம்மாள் தன் வீட்டுக்குள்ளிருந்தே முழங்காலில் நின்று அந்தச் செபத்துக்குப் பதில் சொன்னாள். அவளைக் கூப்பிட யாரும் வரவில்லை.

சில நாள் கழித்து ஓர் உச்சி வேளை. அருள்மேரி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். லூர்தம்மாள் பின்பக்கம் கொல்லையில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தபோது வேலிப் படல் அசைந்தது. நிமிர்ந்து பார்த்தால் கிரேசி. முக்காடு போட்டிருந்தாள். எட்டொன்பது மாதமாகக் கிணற்றடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. வலது கையை இறுக மூடி வைத்திருந்தாள்.

"அக்கா" என்றாள். "கொழந்த கண்ணத் தொறக்கலக்கா. பால் குடிக்கல. நீ அன்னிக்கு... நீ இன்னா சொல்லி வேண்டிகினே?"

"ஒங்க வூட்டுக்காரருக்குத் தெரியுமா?"

கிரேசி வாசல் பக்கம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தாள். "அவருதான் போவச் சொன்னாரு."

லூர்தம்மாளுக்கு முதலில் வந்தது கோபம்தான். ஏன் வராது? இத்தனை மாத வெயில் முழங்காலில் இருக்கிறதே! வாயில் வார்த்தை உருண்டு திரண்டு நின்றது. அப்போதுதான் கிரேசியின் மூடிய கையைப் பார்த்தாள். விரல் இடுக்கில் ஒரு கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை. அந்தப் பழைய நடுக்கம் அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது.

கிரேசியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உத்தரியத்தை எடுத்து அவள் தலைவழியே போட்டு, நெஞ்சில் ஒன்றும் முதுகில் ஒன்றும் படும்படி இழுத்துவிட்டு, முந்தானையால் மூடினாள். வடுப் பிடித்த தன் உள்ளங்கையை ஒரு நிமிஷம் அதன்மேல் வைத்து அமுக்கினாள்.

"இத கழட்டாத. நான் கழட்டினதாலதான் இவ்ளோவும். கழுத்துலயே கெடக்கட்டும். மாதாவும் அம்மனும் ரெண்டு பேரும் பாக்கட்டும்."

விறகைக் கீழே போட்டுவிட்டு, பொன்னியம்மன் கோயில் பக்கம் போகப் படலைத் திறந்தாள்.

"நீயும் வரியாக்கா?" என்றாள் கிரேசி. "எனக்கு பயமா கீது."

"எனக்கும்தான்" என்றாள் லூர்தம்மாள். "தலைய குனிஞ்சிகினு நட."